இந்த ஸ்லர் யார் போட்டது? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். ஒரே பியானோ பீஸை ரெண்டு எடிஷன்ல எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, நோட்டு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும், இதையெல்லாம் சேர்த்து இழைச்சு வாசிங்கன்னு மேல வளைச்சுப் போட்டிருக்கிற கோடு, அதான் ஸ்லர், அது மட்டும் வேற வேற இடத்துல ஆரம்பிச்சு வேற வேற இடத்துல முடியும்னு. அவ்ளோதான். அதுக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்ல, காட்பாடியிலேர்ந்து ஆரணி வரைக்கும் பியானோ, கீபோர்டு தட்டுறவங்க இத்தனை பேர் இருக்கீங்களா! அதனால இந்த மாசம் முழுக்க இதேதான். முள்ளு கத்திரிக்கா பூச்சி பத்தி கேட்ட இளவம்பாடி அண்ணன் கோவிச்சுக்க வேணாம், அடுத்த இதழ்ல முதல் கேள்வி உங்களுதுதான்.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, பியானோ கிளாஸ் போறா. ஷோப்பானோட ஈ மைனர் ப்ரெலூட் குடுத்துருக்காங்க. டீச்சர் குடுத்த ஜெராக்ஸ்ல ஸ்லர் ஒரு மாதிரி கீது, நான் நெட்ல எடுத்த ரெண்டு காப்பியில ரெண்டும் வேற வேற மாதிரி கீது. மூணுல எது சார் கரெக்ட்டு? டீச்சர்கிட்ட கேட்டா தப்பா நெனைச்சுக்குவாங்களோன்னு பயமா கீது.
— ஒரு அம்மா, சத்துவாச்சாரி

அம்மா, டீச்சரை எதுவும் சொல்லிடாதீங்க, முதல்ல என் கதையைக் கேளுங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு பியானோ மேதை ஷோப்பான் எழுதின இதே குட்டிப் பீஸைத்தான் நானும் பதினாலு வயசுல கத்துக்கிட்டேன், அதுவும் ஜெராக்ஸ்லதான். எங்க டீச்சர்கிட்ட அட்டை பிஞ்சு போன புக் ஒண்ணு இருந்துது, வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்க, பழைய பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அந்த புக்கோட கூடவே அவங்க தம்பியையும் அனுப்புவாங்க, காப்பி எடுத்ததும் புக்கை வாங்கிகினு போயிடுவாரு. மொத்தமே 25 பார்தான், அதாவது 25 தாளக் கட்டம்தான் அந்தப் பீஸ். வலது கையில நீளமா ஒரு பி நோட்டு, அப்புறம் குட்டியா ஒரு சி நோட்டு, திரும்ப நீளமா பி, திரும்ப சி, கீழ இடது கை கார்டு, அதாவது சேர்த்து அமுக்கற நோட்டுங்க மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிகினே போகும். என் ஜெராக்ஸ்ல அந்த சியிலேர்ந்து அடுத்த பார் பிக்கு, ரெண்டு ரெண்டு நோட்டா சின்னச் சின்ன ஸ்லர் போட்டிருந்துது. சரி ஸ்லர் முடிஞ்சா கையைத் தூக்கணும்னு யாரோ சொல்லியிருந்தாங்களா, நான் ஒவ்வொரு பிக்கு அப்புறமும் தூக்கித் தூக்கி வாசிச்சேன், விக்கல் வந்தவன் பேசறா மாதிரி இருக்கும். அதைத்தான் ஷோப்பான் கேட்டாருன்னு வருஷக்கணக்கா நம்பிகினு இருந்தேன், வேற யாராவது நீளமா இழைச்சு வாசிச்சா இவனுக்கு ஸ்கோர் பார்க்கத் தெரியலன்னு உள்ளுக்குள்ள சிரிப்பு வேற.

ரொம்ப நாள் கழிச்சு அந்த ஒரிஜினல் புக்கைக் கையில வாங்கிப் பார்த்தேன். குட்டி ஸ்லர் எல்லாம் பென்சில்! எப்பவோ வேற ஒரு ஸ்டூடண்ட்டுக்கு, சி போய் பி மேல சாயணும்மான்னு காட்டறதுக்காக டீச்சர் போட்டது. அச்சுல இருந்தது நீளமான ஒரே ஸ்லர், அது லேசா தேஞ்சு போய் ஜெராக்ஸ்ல விழவே இல்ல, பென்சில் நல்லா கறுப்பா விழுந்துடுச்சு. டீச்சர் சொல்ல வந்தது தப்பே இல்ல, சி சாயத்தான் வேணும், ஆனா அது அவங்க ஒருத்தருக்குச் சொன்ன யோசனை, மிஷின் வழியா போய் வந்ததும் ஷோப்பான் வாக்கு ஆயிடுச்சு.

இதே கூத்து இந்த ப்ரெலூடுக்கு ஆரம்பத்துலயே நடந்துருக்கு. 1838-39 குளிர்காலத்துல ஷோப்பான் மயோர்க்கா தீவுல இருந்தாரு, அங்கதான் இந்த 24 ப்ரெலூடையும் (படைப்பு வரிசை எண், அதாவது ஓபஸ், 28) முடிச்சு 1839 ஜனவரியில பாரிஸ்ல இருந்த ஃப்ரெண்ட் ஜூலியன் ஃபோன்டானாவுக்கு அனுப்பி ஒரு காப்பி எழுதச் சொன்னாரு. ஷோப்பான் கையெழுத்துல இருந்தது பாரிஸ்ல காத்லான்ங்கிற பதிப்பாளர்கிட்ட போச்சு, ஃபோன்டானா எழுதின காப்பி ஜெர்மனிக்கு, லைப்ஸிக்ல இருக்கிற பிரைட்கோஃப் கம்பெனிக்குப் போச்சு, லண்டன்ல வெஸ்ஸல் கம்பெனி பிரெஞ்சு அச்சைப் பார்த்து அடிச்சாங்க. அதே 1839ல மூணு நாட்டுல மூணு எடிஷன், எதைக் கேட்டாலும் நான்தான் முதல் பதிப்புன்னு சொல்லும். சமர்ப்பணம்கூட ஒண்ணா இல்ல, பிரெஞ்சு புக்ல பியானோ கம்பெனிக்காரர் பிளெயெலுக்கு, ஜெர்மன் புக்ல கெஸ்லர்ங்கிற இன்னொருத்தருக்கு!

ஒருத்தர் எழுதினதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதும்போது நோட்டு தப்பினா வாசிக்கிறப்ப காது காட்டிக் குடுத்துடும். ஸ்லர் அப்படி இல்ல. நோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சா என்ன, ஒரு நோட்டு தள்ளி முடிஞ்சா என்ன, யாருக்கும் எதுவும் உறுத்தாது, அப்படியே அடுத்த எடிஷனுக்கும் போயிடும். அதனால உங்க மூணு காப்பியில எது கரெக்ட்டுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் யார் போட்டதுன்னு பாருங்க. நெட்ல எடுத்ததுல முதல் பக்கத்துல பதிப்பாளர் பேரும் எடிட்டர் பேரும் இருக்கும், அதுல ஒண்ணு பழைய லைப்ஸிக் அச்சாவும் இன்னொண்ணு ஐம்பது அறுபது வருஷம் கழிச்சு எடிட் பண்ணினதாவும் இருக்க சான்ஸ் அதிகம். ஷோப்பானோட சொந்தக் கையெழுத்துப் பிரதியே வார்ஸால போலந்து தேசிய நூலகத்துல இருக்கு. நானா இருந்தா முதல்ல அதைப் பார்ப்பேன், அப்புறம் அதை வெச்சு அடிச்ச பிரெஞ்சு எடிஷன், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி. டீச்சர்கிட்ட கேக்கறதுக்குப் பயப்படாதீங்க, இது தப்பான்னு கேக்காம, மேடம் இந்த ஸ்லர் புக்ல இருந்ததா நீங்க போட்டதான்னு மட்டும் கேளுங்க. நான் இதை எங்க டீச்சர்கிட்ட கேட்டிருந்தா எனக்குப் பல வருஷம் மிச்சமாயிருக்கும்.

இன்னொண்ணு, 1849 அக்டோபர் 30ந் தேதி பாரிஸ் மதலேன் சர்ச்ல ஷோப்பானோட அடக்க ஆராதனை நடந்தப்ப இந்தப் பீஸை ஆர்கன்லதான் வாசிச்சாங்க. பெடல் போட்டு சத்தத்தை இழுத்து வெச்சுக்கிற வசதி ஆர்கன்ல கிடையாது, ஸ்லரை முழுக்க விரலாலதான் கட்டணும். பொண்ணை ஒரு நாள் பெடல் இல்லாம வாசிக்கச் சொல்லிப் பாருங்க.

ஸ்லரும் டையும் ஒரே மாதிரி வளைஞ்சிருக்கே, எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? நான் சர்ச் கொயர்ல ஆல்டோ பாடறேன்.
— ஒரு சகோதரி, ஆம்பூர்

அதே நோட்டையே அடுத்தடுத்து ரெண்டு தடவை எழுதி இணைச்சிருந்தா டை, ரெண்டாவதைத் திரும்பத் தட்டக் கூடாது, பாடக் கூடாது, சேர்த்து இழுக்கணும். வேற வேற நோட்டை இணைச்சிருந்தா ஸ்லர். கொயர்ல உங்களுக்கு இது ரொம்ப ஈஸி சிஸ்டர், பாட்டுல ஒரே எழுத்தை ரெண்டு மூணு நோட்டுல இழுக்கிற இடத்துல ஸ்லர் இருக்கும். பாட்டுக்கு வார்த்தை இருக்கிறதால ஸ்லர் தப்பா இருந்தா உடனே தெரிஞ்சிடும். பியானோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, அதனாலதான் இந்த மாசம் இவ்ளோ பேச வேண்டியிருக்கு.

மிஷின்ல அடிச்ச புக்குதானே சார், மனுஷன் கைபட்டா மாதிரி எப்படி மாறும்? நாங்க தறியில டிசைன் போட்டா நூறு சேலைக்கும் ஒரே மாதிரிதானே வருது.
— பட்டுச் சேலை நெசவாளர், ஆரணி

நல்ல கேள்வி அண்ணே. தறியில கார்டு குத்தினதுக்கு அப்புறம் மாறாது, ஆனா அந்த கார்டைக் குத்தறது யாரு? அதே கதைதான் இங்கயும். அந்தக் காலத்துல இசை அச்சடிக்க ஈயமும் தகரமும் கலந்த தகடு வெச்சிருப்பாங்க. அதுல ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாத்தையும் தலைகீழா, கண்ணாடில தெரியறா மாதிரி வெட்டணும். அஞ்சு கோட்டையும் அஞ்சு பல்லு இருக்கிற கருவியால ஒரே இழுப்புல இழுத்துடுவாங்க. நோட்டோட தலை, ஷார்ப், ஃப்ளாட், கிளெஃப் இதுக்கெல்லாம் அச்சு முத்திரை இருக்கும், சுத்தியால ஒரு தட்டு தட்டினா பதிஞ்சிடும், அது யார் தட்டினாலும் ஒரே மாதிரி. ஸ்லருக்கு முத்திரை கிடையாது. ஒவ்வொரு ஸ்லரும் வேற வேற நீளம் வேற வேற வளைவு, அதனால உளியை வெச்சுக் கையாலயே இழுக்கணும்.

நம்ம லாங் பஜார்ல பாத்திரக் கடை வாசல்ல சீர் பாத்திரத்துக்கு பேர் வெட்டறவங்களைப் பார்த்திருப்பீங்களே. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்போம், அவர் பாத்திரத்தோட வளைவைப் பார்த்து, இடம் எவ்ளோ இருக்குன்னு பார்த்து, இன்ஷியலை மேல ஏத்துவாரு இல்ல கீழ எறக்குவாரு. நம்ம பேர் மாறாது, ஆனா அது எங்க உட்காரணும்ங்கிறது அவர் முடிவு. ஸ்லரும் அப்படித்தான். கையெழுத்துல ஒரு வரியில ஆறு பார் இருக்கும், தகட்டுல அஞ்சு பார்தான் பிடிக்கும், அப்ப நீளமான ஸ்லரை நடுவுல வெட்டி அடுத்த வரியில தொடரணும். இங்கதான் பாதி கோளாறு வருது. கையெழுத்துல வரி கடைசியில ஸ்லர் ஓரம் தாண்டி வெளிய ஓடும், இன்னும் முடியலங்கிறா மாதிரி, ஆனா அடுத்த வரி ஆரம்பத்துல அதோட மீதி இருக்காது, எழுதினவர் அவசரத்துல விட்டுருப்பாரு. தகடு வெட்டறவர் என்ன பண்ணுவாரு? ஒருத்தர் அங்கயே முடிச்சிடுவாரு, இன்னொருத்தர் அடுத்த வரியில சேர்த்து இழுத்துடுவாரு. ரெண்டு எடிஷன்ல ஸ்லர் மாறியிருந்தா நான் முதல்ல பார்க்கிறது அந்த இடம் வரி முடியற இடமா இல்லையாங்கிறதைத்தான்.

ஒரு புக்கை எதுக்கு மூணு நாட்டுல தனித்தனியா போடணும்? ஒரே இடத்துல அடிச்சு அனுப்பினா செலவு கம்மிதானே?
— லெதர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஊழியர், ராணிப்பேட்டை

எக்ஸ்போர்ட்ல இருக்கிறவர் கேக்கற கேள்விதான் இது! காப்பிரைட் அப்ப நாட்டுக்கு நாடு தனி, எல்லைக்கு அந்தப் பக்கம் எவன் வேணா திருட்டுத்தனமா அடிச்சு விக்கலாம், கேக்க முடியாது. இதுக்குன்னு பல நாடு சேர்ந்து பெர்ன் ஒப்பந்தம் போட்டதே 1886லதான், ஷோப்பான் செத்து 37 வருஷம் கழிச்சு. அதனால பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல விக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க, மூணு பேர்கிட்டயும் காசு வாங்கலாம், திருட்டு அச்சையும் தடுக்கலாம். ஆனா மூணு பேருக்கும் மூணு மூலப்பிரதி குடுத்தாகணும். சிலது சொந்தக் கையெழுத்து, சிலது ஆள் வெச்சு எழுதினது, சிலது அச்சு ஆகி வந்த ப்ரூஃப் தாள். ஷோப்பான் பாரிஸ்ல குடியிருந்ததால பிரெஞ்சு ப்ரூஃபை அவரே திருத்த முடிஞ்சுது, எப்பவும் திருத்தினாருன்னு சொல்ல முடியாது, லைப்ஸிக்குக்கும் லண்டனுக்கும் போனதுல அவர் கை படறது கம்மி. லண்டன் வெஸ்ஸல் இன்னும் ஒரு படி மேல போய் பீஸுக்கு எல்லாம் சொந்தமா பேர் வெச்சுட்டாரு, ஓபஸ் 9 நாக்டர்னுக்கு சீன் நதியின் முணுமுணுப்புன்னு! ஷோப்பானுக்கு இதுல செம கடுப்பு, ஃபோன்டானாவுக்கு எழுதின கடுதாசியில திட்டியிருக்காரு. பேரையே மாத்தறவங்க ஸ்லரை மட்டும் பத்திரமா பார்த்துக்குவாங்கன்னு நாமளும் நம்பிட வேண்டாம்.

ஸ்லர் முடியற இடத்துல எல்லாம் கை தூக்கணுமா? நான் ஹாஸ்டல்ல கீபோர்டு வெச்சுகினு தனியா கத்துக்குறேன். யூட்யூப்ல ஒருத்தர் தூக்குங்கறாரு, ஒருத்தர் தூக்காதங்கறாரு.
— காலேஜ் ஸ்டூடண்ட், காட்பாடி

தம்பி, இந்தச் சண்டை யூட்யூப்ல ஆரம்பிச்சது இல்ல. 1879ல ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸும் அவர் ஃப்ரெண்ட் வயலின் வித்வான் யோவாகிமும் கடுதாசியிலயே இதுக்காக மல்லுக்கட்டியிருக்காங்க, அப்ப பிராம்ஸோட வயலின் கன்சர்ட்டோ அச்சுக்கு ரெடியாகிகினு இருந்துது. வயலின்காரருக்கு ஸ்லர்னா ஒரு வில் இழுப்பு, இந்த நோட்டெல்லாம் வில்லைத் திருப்பாம ஒரே இழுப்புல. பியானோக்காரருக்கு அது இழைச்சு வாசிங்கற குறி. பிராம்ஸ் சொன்னதோட சாரம் என்னன்னா, ரெண்டே நோட்டு மேல ஸ்லர் இருந்தா ரெண்டாவது நோட்டோட நீளத்தைக் குறைச்சு விட்டுடணும், அது கட்டாயம். அதுக்கு மேல நிறைய நோட்டு இருந்தா கடைசி நோட்டைக் குறைக்கறது கட்டாயம் இல்ல, வாசிக்கிறவரோட ரசனை. என்னோட விக்கல் கதையில ஏன் மாட்டிக்கிட்டேன்னு இப்ப புரியுதா? பென்சில் ஸ்லர் எல்லாம் ரெண்டு நோட்டு. குறைச்சு விடணும்னு நான் படிச்சது சரி, ஸ்லர்தான் அங்க கிடையாது.

அந்த வில் பழக்கத்தாலதான் பழைய ஸ்கோர்ல நிறைய ஸ்லர் ஒரு பாரோட முடிஞ்சு அடுத்த பார்ல புதுசா ஆரம்பிக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு பார்லைன்லயும் தூக்கக் கூடாது, வயலின்ல வில் திரும்பும்போதும் பாட்டு அறுந்து போறதில்லையே. ஆனா பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில வந்த எடிட்டர்ங்களுக்கு இந்தத் துண்டு ஸ்லர் பிடிக்கல, பிள்ளைங்க தப்பாத் தூக்கிடும்னு நாலு குட்டி ஸ்லரை அழிச்சு ஒரே நீளமா இழுத்து விட்டாங்க. ரீமான்னு ஒருத்தர் இருந்தாரு, இதுக்குன்னே தனி எடிஷன் வரிசையே போட்டு, வாக்கியம் எங்க முடியுதுன்னு ஸ்லராலயே காட்டறேன்னு தன் கணக்குக்குப் போட்டுத் தள்ளினாரு. அதைப் பார்த்துக் கடுப்பாகி ஷெங்கர்ங்கிற வியன்னாக்காரர் 1925ல ஒரு கட்டுரையே எழுதினாரு, இந்த ஃப்ரேசிங் (வாக்கியம் பிரிச்சுக் காட்டற) வளைவைத் தூக்கி எறிங்கன்னு தலைப்பு. நான் ஷெங்கர் பக்கம். எழுதினவர் நாலு துண்டா போட்டிருந்தா அந்த நாலு துண்டுல ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிற நோட்டுக்கு லேசா ஒரு எடை இருக்கு, நீளமா ஒட்டிட்டா அந்த எடை எல்லாம் போயிடும், பாட்டு சப்புன்னு ஆயிடும்.

ஸ்கூல்ல தமிழ் இலக்கண வகுப்புல செம்பொன்பதின்தொடி படிச்சிருப்ப. செம்பொன் பதின் தொடின்னு நிறுத்திப் படிச்சா பத்து தங்க வளையல், செம்பு ஒன்பதின் தொடின்னு படிச்சா ஒன்பது செப்பு வளையல். எழுத்து ஒண்ணுதான், எங்க சேர்த்து எங்க விடறோம்ங்கிறதுல தங்கம் செம்பாயிடுது. ஷோப்பானும் ஏறக்குறைய இதையேதான் ஸ்டூடண்ட்டுங்ககிட்ட சொல்லுவாராம், தப்பா ஃப்ரேஸ் பண்றவன் தெரியாத பாஷையில மனப்பாடம் பண்ணின பேச்சை ஒப்பிக்கிறவன் மாதிரின்னு, அவர் ஸ்டூடண்ட் மிகூலி எழுதி வெச்சிருக்காரு.

ஏட்டுச்சுவடியில புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், பாடபேதம் பார்த்துத்தான் பதிப்பிக்க வேண்டும். இசையிலும் அப்படித்தானா? மிகப் பழைய பிரதிதான் உயர்ந்தது என்று கொள்ளலாமா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், குடியாத்தம்

ஐயா, உங்க துறைக்காரங்க கேட்டாதான் இதுக்கு ருசி. உ.வே.சா. ஊர் ஊரா அலைஞ்சு சுவடி சேர்த்து ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பார்த்தாரே, அதே வேலைதான் இங்கயும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சுவடியில மூலம் எழுதின புலவர் கையெழுத்து நமக்குக் கிடைக்காது. இங்க பல பீஸுக்கு மூலக் கையெழுத்தும் இருக்கு, காப்பி எடுத்தவர் பிரதியும் இருக்கு, மூணு அச்சும் இருக்கு, அப்பவும் தீராத சண்டை!

பழசுதான் உசத்தின்னு சொல்லிட முடியல ஐயா. கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போனதுக்கு அப்புறம் ப்ரூஃப்ல எழுதினவரே மனசு மாறி ஸ்லரை மாத்தியிருக்கலாம், அப்ப அச்சுதான் பின்னாடி வந்த முடிவு. அதே தகட்டை வெச்சு ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி அடிக்கும்போது தகட்டுலயே தட்டித் திருத்துவாங்க, மேல் அட்டை அதே, நம்பர் அதே, உள்ள மட்டும் வேற. ரெண்டு பேர் முதல் பதிப்பு வெச்சிருக்கேன்னு சொன்னாலும் ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஷோப்பானுக்கு ஜேன் ஸ்டர்லிங்னு ஸ்காட்லாந்துக்கார ஸ்டூடண்ட் ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க வெச்சிருந்த அச்சுப் புக் எல்லாம் இப்ப பாரிஸ்ல பிரான்ஸ் தேசிய நூலகத்துல இருக்கு. கிளாஸ் எடுக்கும்போது ஷோப்பான் தன் கையாலயே அதுல பென்சில்ல திருத்தியிருக்காரு, எந்த விரல், எங்க தப்பு, எங்க மூச்சு விடணும்னு. அங்க அச்சை விட பென்சிலுக்குத்தான் மதிப்பு. இதுவும் சிக்கல்தான் ஐயா, அந்தப் பென்சில் உலகத்துக்கே சொன்னதா, இல்ல அந்த அம்மாவோட கைக்கு ஏத்தா மாதிரி அன்னைக்குச் சொன்னதான்னு கேட்டா எடிட்டர்ங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மிகூலி 1879 வாக்குல போட்ட எடிஷன்ல இந்த மாதிரி ஸ்டூடண்ட் ஞாபகம், பென்சில் குறிப்பு எல்லாம் சேர்த்து ஒரே ஸ்லரா அடிச்சுட்டாரு. உங்க பாஷையில சொன்னா மூலமும் உரையும் ஒரே எழுத்துல அச்சானா மாதிரி, பிரிச்சுப் பார்க்க வழியில்ல.

ஷோப்பானுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லையா?
— திருவண்ணாமலை வாசகர்

இல்லீங்க. ஷூபர்ட் 1827ல எழுதின ஓபஸ் 90 இம்ப்ராம்ப்ட்யூல மூணாவதை 1857லதான் அச்சுல கொண்டு வந்தாங்க, அவர் போய்ச் சேர்ந்து 29 வருஷம் ஆச்சு. ஜி ஃப்ளாட் சுருதியில இருந்ததை வாசிக்கக் கஷ்டம்னு ஜி சுருதிக்கு மாத்தி, நீளமான பாரை எல்லாம் ரெண்டா வெட்டிட்டாங்க. பாரே பாதியானா மேல ஓடற ஸ்லர் கண்ணுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. மெண்டல்சனோட வார்த்தையில்லாப் பாட்டு முதல் தொகுதி 1832ல லண்டன்ல ஒரு பேர்ல வந்துது, ஜெர்மனியில பான் நகரத்துல வேற பேர்ல வந்துது. ஷூமான் விஷயத்துல அவர் மனைவி கிளாரா பெரிய பியானிஸ்ட், புருஷன் 1856ல செத்ததுக்கு அப்புறம் மொத்தத் தொகுப்பையும் எடிட் பண்ணி, 1887ல சொல்லிக் குடுக்கிறதுக்குன்னே தனியா ஒரு எடிஷனும் போட்டாங்க. அதுல இருக்கிற குறி எல்லாம் அவர் எழுதினதா அந்த அம்மா சேர்த்ததான்னு பிரிச்சுப் பார்க்காம வாசிக்கக் கூடாது. அவங்க சேர்த்ததுன்னா தூக்கிப் போடணும்னு சொல்லல, ஷூமானை அவங்க அளவுக்கு யாரும் வாசிச்சதில்ல.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊரைச் சொல்வாங்க. பியானோ இல்லாத ஊர்ல ஸ்லர் ஆராய்ச்சி எதுக்கு நைனா?
— தொரப்பாடி குசும்பன்

பியானோ இல்லாத ஊருன்னு மட்டும் சொல்லாதீங்க. வேலூர் கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச் 1846ல கட்டினது, இந்த ப்ரெலூட் அச்சாகி ஏழே வருஷம். மிஷன்காரங்க வந்தப்ப கூடவே ஆர்மோனியமும் ஆர்கனும் பியானோவும் வந்துது, பாதி பியானோவைக் கரையானும் மே மாச வெயிலும் சாப்பிட்டுடுச்சு, அது வேற சோகம். பாலாத்துல தண்ணி வந்த வருஷம் பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்தீங்கல்ல, அது எதுக்கு?

ஊர்டெக்ஸ்ட் எடிஷன் (மூலப்பிரதியை ஒத்துப் பார்த்துப் போடற பதிப்பு) விலை கேட்டேன், மயக்கமே வந்துடுச்சு. வீட்டுலயே செலவில்லாம ஸ்லர் ஒத்துப் பார்க்க வழி சொல்லுங்க அண்ணா. எக்ஸாம்ல மார்க் போயிடுமோன்னும் பயமா இருக்கு.
— பியானோ டீச்சர், வாணியம்பாடி

ஐ.எம்.எஸ்.எல்.பி.ன்னு ஒரு சைட், 2006லேர்ந்து இருக்கு, காப்பிரைட் முடிஞ்ச ஸ்கோர் எல்லாம் ஓசியிலயே எடுக்கலாம். ஷோப்பானோட முதல் பதிப்பு ஸ்கேனுக்குன்னே தனியா ஒரு சைட்டும் இருக்கு, அதுவும் ஃப்ரீ. ஒரே பீஸை பிரெஞ்சு, ஜெர்மன், இங்கிலீஷ் மூணுலயும் எடுத்து பிரிண்ட் போடுங்க, பெருசா வேணாம் ஒரு பக்கத்து பீஸ் போதும். மூணு கலர் பென்சில் எடுத்துக்குங்க, நாலாவதா ஒரு காப்பியில ஸ்லரை எல்லாம் வைட்னர் போட்டு அழிச்சுட்டு, பிரெஞ்சுல இருக்கிறதை ஒரு கலர்ல, ஜெர்மன் ஒரு கலர்ல, இங்கிலீஷ் ஒரு கலர்ல போட்டுக்கினே வாங்க. மூணு கலரும் ஒண்ணா ஓடற இடத்தை விட்டுடுங்க, அங்க பிரச்சனை இல்ல. பிரியற இடம் ஒரு பக்கத்துக்கு அஞ்சாறு வரும். அதுல வரி மாறுற இடத்துல இருக்கிறதைத் தனியா குறிச்சு வெச்சுக்குங்க, அதுக்குக் காரணம் தகட்டுக்காரர்தான். மிச்சத்துல, அதே மெட்டு பின்னாடி திரும்ப வருதா பாருங்க, அங்க மூணுமே ஒத்துப் போனா முன்னாடி இடத்துக்கும் அது ஒரு துப்பு. துப்புதான், தீர்ப்பு இல்ல, ஏன்னா ஷோப்பான் ஒரே மெட்டைத் திரும்ப எழுதும்போது வேணும்னே ஸ்லரை மாத்தறவரு. இதைச் சரி பண்றேன்னு ரெண்டு இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கின எடிட்டருங்க நிறைய பேர், எனக்கு அவங்க மேல கோவம்தான் வரும்.

ஊர்டெக்ஸ்ட்ல நீங்க காசு குடுக்கிறது பின்னாடி இருக்கிற குறிப்புக்குத்தான், எந்த இடத்துல எந்தப் பிரதியில என்ன இருக்குன்னு எடிட்டர் சொல்லியிருப்பாரு. நிறைய எடிஷன்ல எடிட்டரே சேர்த்த ஸ்லர் விட்டு விட்டு வர்ற கோடாவோ அடைப்புக்குறிக்குள்ளயோ இருக்கும், அதைப் பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுங்க. நாலு டீச்சர் சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி வெச்சுக்கலாம். எக்ஸாமுக்குப் பொதுவா எந்த எடிஷனும் ஒத்துக்குவாங்க, ஆனாலும் அந்த வருஷத்து சிலபஸ்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க. எக்ஸாமினர் ஸ்லர் எண்ணிகினு உட்கார மாட்டாரு, பாட்டு எங்க மூச்சு விடுதுன்னு உங்க பிள்ளைக்குத் தெரியுதான்னுதான் கேப்பாரு.

எங்க சர்ச் பீரோல அட்டை இல்லாத பழைய பியானோ புக் ஒண்ணு கீது அண்ணா. எந்த வருஷம்னு தெரியல. உள்ள பூராவும் யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க. சுத்தம் பண்ணி பைண்டிங் போடலாம்னு கீறோம்.
— வாலிபர் சங்கம், ஆற்காடு

ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில நடுவுல ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க, பக்க எண் இல்ல, எல்லாப் பக்கத்துலயும் அதே நம்பரா வரும். அது தகட்டு நம்பர். அதை வெச்சு எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்த வருஷம்னு பிடிச்சிடலாம், ஆனா அதே தகட்டுல பல வருஷம் அடிச்சிருப்பாங்கன்னு குடியாத்தம் ஐயாவுக்குச் சொன்னதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. அந்த நம்பரையும் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பதிலுக்கு மக்கன் பேடா அனுப்பினா வேணாம்னு சொல்ல மாட்டேன். பைண்டிங்காரர்கிட்ட ஓரத்தை வெட்டாதீங்கன்னு சொல்லுங்க, தகட்டு நம்பரோட சேர்த்து வெட்டிடுவாங்க. லேமினேஷன் வேணவே வேணாம். அந்தக் கிறுக்கல் எந்த டீச்சர் போட்டதோ, எந்தப் பிள்ளைக்குப் போட்டதோ, ரப்பர் மட்டும் போட்டுடாதீங்க தம்பிகளா.